முந்திரி வாசனை

அன்புள்ள சுபா,

"குளிர்காலத்துக்குன்னு நான் அனுப்பின சென்ட்டைப் போட்டுக்கிட்டு எங்கேம்மா போனே?" என்று போனில் கேட்டாய். சமையலறை வரை போனேன். முந்திரி வறுத்து வெனிலா விட்டது போல நல்ல வாசனை. உன் அப்பா பின்னாலேயே வந்து, "டீச்சர், யார் வீட்டு விசேஷம்? பாயசம் எப்போ போடுவாங்க?" என்று தட்டோடு உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்கு இப்போது நான் யாரோ ஒரு டீச்சர்.

சென்ட் போட்டால் இப்போது பாயசமும் வைக்க வேண்டியிருக்கிறது.

தீபாவளியன்று அவர் தனியாக இறங்கிப் போய், மெட்ரோ ஸ்டேஷனில் கண்டுபிடித்தோமே, அன்றிலிருந்து வாசல் கதவு பூட்டியேதான் இருக்கிறது. பூட்டு அவருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

எப்போது வருவாய் என்று கேட்க மாட்டேன். எதையும் புரிந்துகொள்ள உனக்கு எப்போதும் உதாரணம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டைப் பூட்டி, சாவியை ஒளித்துவிட்டு, சாயங்காலம் வரை உள்ளேயே இருந்து பார்.

உன் அம்மா