முன்சீட்டில் மட்டும் பெய்யும் மழை

8.11.83, செவ்வாய்

கார்க் கூரையை உடைத்தவர் முதலாளியின் மருமகன். நானல்ல.

விடியலிலிருந்து தூறல். ஷெட்டில் சீட்டுகளைக் கழற்றி உலர்த்தினேன். காயவில்லை.

பெரம்பலூரில் இந்தப் பழைய சீமைக் காரை ஆளாளுக்குக் கேட்பது மாப்பிள்ளை அழைப்புக்குத்தான். முன்சீட்டுக்கு நேர்மேலே கூரையில் ஒரு தகர மூடி. கைப்பிடியைச் சுற்றினால் பின்னால் நகரும். மாப்பிள்ளை சீட்டில் ஏறி நின்றால் இடுப்புக்கு மேலே ஊருக்கே தெரிவார். போன ஞாயிறன்று முதலாளி மகளுக்கே கல்யாணம். பந்தலுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளையான மருமகனுக்கு ஆசை வந்து கூரைமேல் ஏறி, மூடியை மிதித்துக்கொண்டு ஆடினார். மடக்கென்றது. மூடி பாதியில் நின்றுவிட்டது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

நேற்று முதலாளி தீர்ப்பு: "வண்டி உன் பொறுப்புலதானடா இருந்துச்சு? நீதான் சரி பண்ணணும்."

மருமகன் அங்கேயே நின்றார். தலை சீவிக்கொண்டிருந்தார்.

9.11.83, புதன்

நல்ல மழை. செந்துறை போய்த் திரும்பினோம். மழை முன்சீட்டில் மட்டும். பின்சீட்டில் முதலாளி, காய்ந்த வேட்டி, வெற்றிலை. நான் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"வேகமாப் போடா. வேகமாப் போனா தண்ணி உள்ள வராது."

அறுபதில் போனேன். வந்தது. அவர் மேல் அல்ல.

முன்சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தால் திங்கட்கிழமையே திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்திருப்பார்.

சாயங்காலம் ரெட்டிபாளையத்திலிருந்து அக்கா வந்தாள். மச்சான் வேலை பார்க்கும் சிமெண்டு ஆலையில் திங்கள் பத்து மணிக்கு லாரி டிரைவர் எடுக்கிறார்கள். அசல் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும்.

"மச்சான் ஒன் பேரைச் சொல்லி வெச்சிருக்காரு. லைசென்ஸ் இல்லாம வந்து அவரு மானத்த வாங்கிடாத."

என் லைசென்ஸ் முதலாளியின் மேசை இழுப்பறையில். இங்கே எல்லா முதலாளிகளுக்கும் இது பழக்கம். வேலைக்குச் சேரும் அன்றே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, டிரைவருக்கு இது. போலீஸ் நிறுத்தினால் முதலாளி பெயரைச் சொல்ல வேண்டும், விட்டுவிடுவார்கள். நகல் வாங்கலாம் என்றால் தொலைந்துபோனதாக எழுதித் தர வேண்டுமாம். தொலையவில்லையே. எந்த இழுப்பறை, எந்தப் பக்கம், எல்லாம் தெரியும்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். "மூடி சரியாவட்டும். வாங்கிக்க."

11.11.83, வெள்ளி

மழை வெறித்தது. சளி. இரண்டு நாளாகப் பார்த்த வைத்தியம்: தார்ப்பாய் (பறந்துவிட்டது), சிமெண்டுச் சாக்கு (ஒழுகியது), தார் (சட்டையெல்லாம் தார்).

அரியலூரில் காதர் பாய் பட்டறை. லப்பைக்குடிக்காட்டுக்காரர். குவைத்தில் எட்டு வருஷம் கார் பட்டறையில் இருந்தவர். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யா அல்லா! நாலு மூலையிலயும் ஓட்டை இருக்குமே, அதை எந்த அறிவாளி அடைச்சது?"

நான்தான். போன வருஷ ஐப்பசியில். "ஓட்டை இருந்தாத் தண்ணி வரும்டா, அடை"ன்னார் முதலாளி. ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் புட்டி மாவைப் பிசைந்து விரலாலேயே அடைத்தேன்.

"தம்பி, இந்த மூடி எப்பவுமே கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஒழுகுற தண்ணி சுத்தியிருக்கிற வாய்க்கால்ல விழுந்து, அந்த ஓட்டை வழியா டியூப்ல எறங்கி, சக்கரத்துக்கிட்ட போயிடும். நீ வழிய அடைச்சிட்டே. ஒரு வருஷம் தண்ணி நின்னு, மூடி நகருற கம்பி துருப்புடிச்சுப் போச்சு. அதுமேல ஒருத்தன் ஏறுனா என்ன ஆவும்?"

"முதலாளி சொன்னாரு பாய்."

"ஏன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. அவரைத் திட்டித் திட்டி இந்த நோட்டை நிரப்பியிருக்கிறேன், அடைத்த விரல் என்னுடையது.

மாலைவரை வேலை. புட்டியைச் சுரண்டி எடுத்தோம். துருப்பிடித்த கம்பி ஒரு பக்கம் ஒடிந்தே போயிருந்தது. பாய் மூடியை இழுத்து மூடி, திருகாணி போட்டு இறுக்கினார். "இந்தக் கம்பி இந்தியாவுலேயே கெடைக்காது. இனிமே தொறக்காது, ஆனா ஒழுகாது. போதும்ல?"

எனக்குப் போதும்.

13.11.83, ஞாயிறு

முதலாளி முன்னால் பத்து வாளித் தண்ணீர் கூரைமேல் ஊற்றினேன். நாலு சக்கரத்தருகிலும் சொட்டியது. உள்ளே ஒரு துளி இல்லை. சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"தொறந்து காட்டு."

"தொறக்காதுங்க. இறுக்கியாச்சு."

"தொறக்காத மூடி எனக்கு எதுக்குடா? அடுத்த ஞாயித்துக்கெழம முகூர்த்தம், வண்டி தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். மாப்பிள்ளை எங்க நிப்பான், பானெட்டுலயா?"

மருமகன் முறுக்குத் தின்றுகொண்டே, "இவன் வேற எதெத அடைச்சு வெச்சிருக்கானோ மாமா."

"அடைச்சது நான்தான். அடைக்கச் சொன்னது அவரு. ஏறி ஆடுனது நீங்க." சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேராக முதல்முறை.

முறுக்குச் சத்தம் நின்றது. முதலாளி உள்ளே போனார். இழுப்பறையைப் பூட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

14.11.83, திங்கள்

மழை. சிமெண்டு ஆலையில் பத்து மணிக்கு ஆள் எடுப்பு. ஏழு மணிக்கு முதலாளி வந்து பின்சீட்டில் ஏறினார்.

"தா.பழூர் போகணும். எடு."

"லைசென்ஸக் குடுங்க. தா.பழூர்ல விட்டுட்டு அப்படியே பஸ் ஏறிப் போறேன்."

பேப்பரைப் பிரித்தார்.

இதை எழுதுவது ஷெட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு. சாவி என்னிடம். அவர் இறங்கவில்லை, நான் ஏறவில்லை. எட்டேகால் பஸ் போய்விட்டது. கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு. அதை விட்டால் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது.

எட்டரை. பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"என் லைசென்ஸக் குடுங்க."

அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.