முதலாம் கட்டிலுக்குக் கடைசியாக

ஆண்கள் விடுதி
வைத்தியசாலை
04.03.2024

மதிப்புக்குரிய அம்மா,

உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் கணவர் குருசுமுத்துவைத் தெரியும். கூடுதலாக அவருடைய முதுகைத்தான். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து எங்கள் வாட்டில் முதலாம் கட்டிலில் கிடக்கிறார். பேச்சு இல்லை. விழுங்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சாப்பாட்டோடு போனால் வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புகிறார். "தவக்காலம்தானே, ஒருசந்தி விரதம் பிடிக்கிறார்" என்று அற்றன்டன் பாலசிங்கம் அண்ணை பகிடி விடுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியே போனால் மூக்கில் குழாய் விட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நோயாளியின் கதையைக் கேளுங்கள், கதை தெரிந்தால் பராமரிப்பு இலகு என்று ஏசி மண்டபத்தில் இருந்து சொன்னார்கள். வாட்டு முழுவதற்கும் இரண்டு பேர் நிற்கிறோம். எந்த நேரத்தில் கேட்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. பேச்சு இல்லாதவரிடம் எப்படிக் கேட்கிறது என்றும் சொல்லவில்லை.

நீங்கள் பிரிந்திருப்பதாக அவருடைய தங்கச்சி சொன்னா. அது என் வேலையில்லை. உங்களுக்குப் போனில் காது கேளாது, எழுதினால் வாசிப்பீர்கள் என்றும் சொன்னா. கோப்பையோடு தனியப் போய்ச் சாப்பிடுகிறவராம், அவவுக்கும் வேறொன்றும் தெரியாதாம். அவர் எப்படிச் சாப்பிடுவார்? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தாதி நிரோஜினி

நெடுந்தீவு
09.03.2024

பிள்ளை நிரோஜினி,

ஆஸ்பத்திரிக் கடிதம் எண்டதும் மனுசன் முடிஞ்சுதாக்கும் எண்டுதான் பிரிச்சனான்.

இவர் வள்ளத்தில சுக்கான் பிடிச்ச மனுசன், கடைசியாத்தான் சோத்தில கை வைப்பார். மற்ற ஆக்கள் தின்னாமல் தின்னமாட்டார். கரையிலயும் அதே குணம்தான். கலியாணவீட்டுப் பந்தியில இருக்கமாட்டன் எண்டு நிண்டு, என்ர ஆக்களிட்டை எனக்குப் பேச்சு வாங்கித் தந்தவர். முதலாம் கட்டில் எண்டு எழுதினீர். அப்ப சாப்பாட்டு வண்டி முதல் அவரிட்டைத்தானே வரும்? கடைசியாக் குடுத்துப் பாரும்.

வேற ஒண்டும் கேட்காதையும். எனக்கு அவரோடை கதையில்லை.

பிலோமினம்மா

ஆண்கள் விடுதி
வைத்தியசாலை
14.03.2024

அன்புள்ள அம்மா,

எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டுப் போனேன். அப்பவும் வாய் திறக்கவில்லை. என்னையே பார்த்தபடி கிடந்தார். கால் உளைவு, கோபம் வந்துவிட்டது. "இன்னும் ஆர் மிச்சம்?" என்று கத்தினேன். தலையை உயர்த்தி நாடியால் என்னைக் காட்டினார்.

விடியத்தொடக்கம் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அவருக்கு முன்னால் நின்று ஒரு பிஸ்கற் கடித்தேன். வாய் திறந்தது. இந்த வேலைக்கு வந்தபிறகு என்னைச் 'சாப்பிட்டீரோ' என்று கேட்டது பேச்சில்லாத இந்த மனுசன் ஒருவர்தான்.

ஆனால் பாதிதான் சாப்பிடுகிறார். மிச்சப் பாதியை இடது கையால் மூடி வைத்திருக்கிறார். சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கப் போனால் கையைத் தட்டுகிறார். ஆருக்கு அது?

மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்களாம். நோயாளியின் கதையைப் படத்தோடு கட்டிலுக்கு மேலே ஒட்டட்டாம். 'சாப்பாடு கடைசியாக' என்று மட்டும் எழுதி ஒட்டினேன். "இதென்ன கதை?" என்று மேற்றன் கேட்டா. "எங்களுக்கு இவ்வளவும் காணும், மேடம்" என்றேன். நல்ல ஏச்சு விழுந்தது. விழட்டும். நீங்கள் எழுதுவது என்னோடு நிற்கும்.

நிரோஜினி

நெடுந்தீவு
20.03.2024

என்ர பிள்ளை,

அது அன்ரனிதாசுக்கு. எங்கட மகன். ரெண்டு பேரும் தொழிலுக்குப் போய் வள்ளம் கவிழ்ந்து, இவர் மட்டும் கரை சேர்ந்தார். பெடியன்ர உடம்பும் கிடைக்கேல்லை. கோயில்ல பூசை வைச்சு வந்து சோறு போட்டனான். பாதி திண்டிட்டு மிச்சத்தைக் கையால மூடினார். "ஒருத்தன் இன்னும் தின்னேல்லை" எண்டார். அடுத்த நாளும் அதே சொல்லு. அதுக்கடுத்த நாளும். உமக்கு விசர், என்னையும் விசராக்காமல் தங்கச்சி வீட்டில போய் இரும் எண்டனான். போனார். புருசன் பெண்சாதிச் சண்டை எண்டு ஊர் சொல்லுது. சண்டை ஒண்டும் இல்லைப் பிள்ளை. அந்தக் கோப்பையை என்னால பார்க்க ஏலாமல் போச்சு.

இதைச் சுவரில ஒட்டினால் வந்து கிழிப்பன்.

கடல் விட்டால் சனிக்கிழமை முதல் படகில வாறன். அண்டைக்கு அவர் மூடி வைக்கிற பாதியை ஒருத்தரும் தொடவேண்டாம். முன்னால இருந்து நான் தின்னுறன்.

நேரத்துக்குச் சாப்பிடும்.

பிலோமினம்மா