மகளுக்காக நான் போட்ட கையெழுத்து

ஆடி 20, செவ்வாய்

விடியும்போதே காற்று. முருங்கை முறிந்து மாட்டுக் கொட்டகை மேல். வெட்டி ஒதுக்க வேண்டும். குச்சிக்கிழங்குக்குக் களையெடுக்க ஆள் சொல்லவில்லை.

மகள் கோகிலா ஆறரை பஸ்ஸில் மலைக்கு. வி.ஏ.ஓ. வேலைக்குப் போய் மூன்று வருஷம். அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறினால் எழுபது வளைவும் தூங்கிக்கொண்டே போவாள். எனக்கு இரண்டாம் வளைவில் வாந்தி. அரியூர் நாட்டுப் பக்கம் போன வாரக் காற்றில் பத்தொன்பது வீட்டுக்குக் கூரை போய்விட்டது. வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பட்டியல் எடுக்கிறாள்.

மத்தியானம் ஒன்றியம் கூப்பிட்டார். எங்கள் கட்சியின் ஒன்றியச் செயலாளர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, அவர் சம்சாரம் உட்பட. என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"பெரியண்ணா, புள்ள லிஸ்ட்டு எடுக்குதாமா. அதுல ஏழு ஊடு வேண்டாம்னு சொல்லிப்போடு."

"ஏனுங்க, அங்க கூரை போகலீங்களா?"

"போயிருக்குது. அந்தத் தெருவுல நிக்கறது அவங்க கொடிக்கம்பமல்லோ. புள்ள நம்ம புள்ளதானான்னு இதுல தெரிஞ்சு போகும்."

"சொல்லிப்போடலாமுங்க" என்றேன். பதினோரு வருஷமாகக் கிளைச் செயலாளர். யார் எது சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். அந்தப் பதவிக்கு வேறு தகுதி தேவைப்பட்டதாக ஞாபகமில்லை.

ஆடி 21, புதன்

கோகிலாவிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே. மாடு பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அப்பா, கூரை எந்தக் கட்சின்னு எழுதறதுக்கு அந்த ஃபாரத்துல கட்டம் இல்லீங்களே."

அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டாள்.

ஒன்றியம் அவளையே கூப்பிட்டாராம். "எழுதி மனுவா குடுங்க ஐயா, பதிவு பண்ணிக்கறேன்" என்றாளாம். எழுதித் தருகிற ஆளா அவர்.

களைக்கு நாலு பேர் வருகிறார்கள், நாளைக்கு.

ஆடி 23, வெள்ளி

களை முடிந்தது. மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போனது.

நாலு மணிக்கு ஒன்றியத்திடமிருந்து போனில் ஒரு படம். எங்கள் கட்சி உறுப்பினர் அட்டை. அதில் கோகிலா, பள்ளிக்கூட நாள் போட்டோ, இரட்டைச் சடை. கீழே ஒரு வரி: "லிஸ்ட்டுலருந்து ஏழு ஊடு போகலைன்னா இது ஆபீஸுக்குப் போகும்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். இதற்குக் காரணம் வேறு யாருமில்லை. அரசாங்க வேலையில் இருப்பவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. இருந்தால் வேலைக்கே உலை. அந்த அட்டையை எடுத்தது நான்.

நடந்தது இது. கிளைக்கு ஐம்பது உறுப்பினர் சேர்க்கச் சொன்னார்கள். அலைந்து திரிந்து பதினெட்டு. மீதிக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே சம்சாரம் சரோஜா, மகள், திருப்பூர் மச்சினன், எனக்கு ஆகாத பங்காளிகள் மூன்று பேர் என்று வரிசையாக நிரப்பினேன். எல்லோருக்கும் நானே கையெழுத்து. கோகிலாவுக்குப் பதினேழு வயது; பதினெட்டு என்று போட்டேன். ஐம்பது நிரம்பியதற்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். சால்வை இப்போது கன்றுக்குட்டி மேல்.

சரோஜாவிடம் சொல்லிவிட்டேன்.

"என்ற பேருலயுமா?"

"ஆமா."

"நான் இருவது வருசமா எதுத்தாப்புலதான் ஓட்டுப் போடறேன்."

எங்கள் ஊட்டு ஓட்டு மூன்றும் நமக்கே என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுதிக் கொடுத்தவன் நான்.

ஆடி 24, சனி

கோகிலாவுக்கு விடுமுறை. காலைச் சாப்பாட்டில் சொன்னேன். கத்தவில்லை. இன்னும் இரண்டு தோசை கேட்டாள். கோபம் வந்தால் பசிக்கும், அம்மாவைப் போல.

"எத்தன தடவ புதுப்பிச்சீங்க?"

"ரெண்டு தடவ, கண்ணு."

"வேலைக்கு வந்தப்புறம்?"

"ஒண்ணு."

நான் யோசித்து வைத்திருந்தவை:
1. இந்த ஒரு தடவை ஏழு வீட்டை விட்டுவிடுவது.
2. ஒன்றியத்தின் காலில் விழுவது. (பழக்கம் உண்டு.)
3. அவர் முந்துமுன் நானே தாசில்தாரிடம் போய்ச் சொல்வது.

"லிஸ்ட்டு நேத்தே போயிருச்சுங்கப்பா. பத்தொம்போதும்" என்றாள். முதலாவது அதோடு முடிந்தது. இரண்டாவதை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

"வேல போயிட்டா, சாமி?"

"போனா உங்க கூட கெழங்கு புடுங்கறேன். ஆனா நான் செஞ்ச தப்புக்குப் போகோணும். நீங்க போட்ட கையெழுத்துக்குப் போகக் கூடாது."

மூன்றாவதுதான்.

ஆடி 27, செவ்வாய்

மழை இல்லை. மலையில் பனிமூட்டம்.

கிளம்பும்போதுதான் தெரிந்தது: என்னிடம் உள்ள வேட்டி நாலும் கட்சிக் கரை. அதைக் கட்டிக்கொண்டு தாசில்தார் முன்னால் நிற்க முடியாது. உரக்கடை கரீம் பாயிடம் வெள்ளை வேட்டி கேட்டேன். எதிர்க்கட்சிக்கு அவர்தான் ஊரில் செயலாளர். பதினோரு வருஷமாக மைக்கில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறோம். யூரியா அவர் கடையில்தான்.

"கட்சி மாறப் போறியா?"

"வேட்டி மட்டுந்தான் பாய்."

தாலுகா ஆபீஸும் மலை மேல்தான். பஸ்ஸில் வாந்தி இரண்டு தடவை. வேட்டிக்குச் சேதமில்லை.

தாசில்தார் ஒரு அம்மா. மேசை மேல் அட்டையின் படத்தோடு பெயர் போடாத மொட்டைக் கடிதம். காலைத் தபாலில் வந்ததாம். ஒன்றியம் முந்திவிட்டார். கோகிலா ஓரமாக நின்றாள், கையில் கோப்பு. என்னைப் பார்க்கவில்லை.

"இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுதுங்க."

"மகளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா என்னை ஊட்டுக்குள்ளாறயே விட்டிருக்காதுங்க."

"பொய்க் கையெழுத்துன்னு உங்க மேலயே நடவடிக்கை வரலாம். தெரியுமா?"

"தெரியுமுங்க. பஸ்ஸுல வரும்போது நல்லா யோசிச்சேனுங்க, வாந்திக்கு நடுவுல."

வெள்ளைத் தாளில் மகள் பெயரை ஐந்து தடவை கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஐந்தும் அட்டையில் உள்ளது மாதிரியே வந்தது. கோகிலாவின் நிஜக் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். சம்பந்தமே இல்லை. மூன்று வருஷமாக வேலை பார்க்கிற பிள்ளையின் கையெழுத்தை இன்றைக்குத்தான் உற்றுப் பார்க்கிறேன்.

உறுப்பினர் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் கொண்டுபோயிருந்தேன். குமாஸ்தா புரட்டினார்.

"அம்மா, முப்பத்திரண்டு பேருக்கும் இவரே போட்டிருக்காரு. இதுல ரெண்டு பேரு செத்துப் போயிட்டாங்கன்னு ஓரத்துல இவரே எழுதியும் வெச்சிருக்காரு."

"அவங்க ஆட்சேபனை சொல்லலீங்க" என்றேன்.

தாசில்தாரம்மா தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முகத்தை நேராக்கி, நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். மேலே கோட்டாட்சியருக்குப் போகுமாம். முடிவு அங்கே.

வெளியே வந்ததும் கோகிலா டீ வாங்கிக் கொடுத்தாள். "எறங்கறப்ப முன்சீட்டுல உக்காருங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆடி 28, புதன்

கிளைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கம். கட்சிக் கட்டுப்பாட்டை மீறினேனாம். போனில் ஒன்றியம்: "சொந்தப் புள்ளையவே நம்ம பக்கம் கொண்டுவர முடியாதவன் நீ." நியாயமான பேச்சு. "ஆமாங்க" என்றேன்.

துக்கம் வரும் என்று சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் காத்திருந்தேன். தூக்கம் வந்துவிட்டது.

ஆவணி 12, வியாழன்

நல்ல மழை. கிழங்குக்கு ஏற்ற மழை.

கோகிலா ஐந்தரைக்கே வந்தாள். நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி. வாசலிலேயே நின்று சொன்னாள்: அவள் மேல் தவறில்லை, மேல்நடவடிக்கை இல்லை, உத்தரவு வந்துவிட்டது. எனக்குக் கடுமையான எச்சரிக்கை, தனித் தாளில். இரண்டாவதைச் சொல்லும்போது சிரிப்பு தாங்காமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். சரோஜா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து, என்னவென்று கேட்காமலே சிரித்தாள். நானும்.

பத்தொன்பது வீட்டுக்கும் தகரம் ஏறிவிட்டது. அந்த ஏழும் சேர்த்து. பன்னிரண்டு பேர் எங்கள் கட்சிக்காரர்கள் என்பதை இன்றைக்குத்தான் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "ஓ, அப்படீங்களா" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே.

எச்சரிக்கைத் தாளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பட்டாவோடு வைத்திருக்கிறேன்.

ஆவணி 15, ஞாயிறு

வெயில். கொட்டகை ஓலை மாற்றினேன், பாதி.

பதினோரு மணிக்குக் கரீம் பாய், கையில் அவர் கட்சி உறுப்பினர் படிவம், ஒரு கட்டு. "சும்மாதான இருக்கே. வா. ஊட்டுல எல்லாத்துக்கும் போட்டுக் குடு."

கோகிலா எழுந்தாள். "கவர்மெண்ட் ஆளு இருக்கற எடத்துல கட்சி வேல வேண்டாமுங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சிரிக்கிற சத்தம்.

"எனக்கு இப்ப ஓய்வு வேணும் பாய். மத்தவங்க சங்கதி அவங்கவங்களையே கேளுங்க."

சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு படிவத்தை வாங்கினாள். வெயில் பக்கம் திருப்பி, கண்ணாடி போட்டு, கடைசி வரி வரை படித்தாள். பாய் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டாள். இரண்டாவதற்குப் பாய், கேட்டு வந்து சொல்கிறேன் என்றார்.

"சரிங்கண்ணா. கேட்டுட்டு வாங்க. அப்பறமா நானே போடறேன்" என்று படிவத்தை மடித்து அரிசி டப்பா மேல் வைத்துவிட்டாள்.

பாய் போனதும் அதைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கை போனது. சரோஜா பார்த்துவிட்டாள். கையை இழுத்துக்கொண்டேன்.