செல்வி போட்ட கணக்கு

வெள்ளிக்கிழமை, இரவு

கம்பளைக்காரர் ஒருவரின் கார் டிக்கிக்கு நான் செய்த சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியில் பேஸ் சத்தம் வறட்டு இருமலாய் வந்தது. மாலையில் அவர் வருவதாக இருந்தது. பெட்டியை உடைக்கச் சுத்தியலை எடுத்தேன். கடையில் என்னோடு வேலை செய்யும் செல்வி தடுத்தாள்.

“உள்ளளவுல ஸ்பீக்கர் அடைக்கிற எடத்தக் கழிச்சீங்களா அண்ணே?”

நான் கழிக்கவே இல்லை. அவள் கணக்குப் போட்டு, காற்றுக் குழாயை நான்கு அங்குலம் நீட்டச் சொன்னாள். நீட்டினோம். பாட்டுப் போட்டதும் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. இப்படி ஒரு பெட்டி என் கடையில் இதுவரை அமைந்ததில்லை.

“யாரு கணக்குங்க இது?” என்று மாலையில் வந்த கம்பளைக்காரர் வியந்தார்.

“என்னோடதுதான்” என்றேன். மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்த செல்வி நிமிரவில்லை.

அவள் மூளைக்கு முன்னால் நான் எந்த மூலைக்கு? நாளை கடை திறந்ததும், அவள் காதுபட அவருக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.