நான்கு பேர் கூடும் வாசல்

லாபு தோட்டம்,
மலேசியா,
19.1.1997

அன்புத் தங்கை பஞ்சாலைக்கு,

இங்கே நான் நலம். மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு இல்லை, ஜனமெல்லாம் வீட்டில்தான். அங்கே எடின்பரோ குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா?

பொங்கல் விழாவில் உன் பெயரைச் சொல்லி எனக்கு மாலை போட்டார்கள். மாலை வாங்கும் வீட்டார், வெளிநாட்டில் இருப்பவரின் வேலையைப் பற்றி மேடையில் விளக்க வேண்டும் என்பது நம் கோயில் வழக்கம் ஆயிற்றே. பேசினால் தூங்கிவிடுவார்கள் என்று ஐந்து பிள்ளைகளை ஆட விட்டேன். நீ எழுதியபடியேதான்: மூளைச் செல்லின் மேல்தோலில் குளூட்டமேட் என்ற சேதிப்பொருளை வாங்கும் ஏற்பி, அது ஐந்து துணை அலகுகள் வட்டமாகக் கூடி உண்டாவது, நடுவில் ஒரு வழி. பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். குளூட்டமேட்டாக நான் போய்த் தொட்டதும் விரிந்தார்கள். உப்புத் துகள்களாக வந்த வாண்டுகள் நடுவே புகுந்து ஓடின.

முன்வரிசையிலிருந்து மங்கம்மா எழுந்து கேட்டாள்: "டீச்சர், குளூட்டமேட்டுன்னா மீ கோரேங் நூடுல்ஸ்ல போடற அஜினோமோட்டோதானே? அவ்ளோ தின்னும் எம்புருசன் மூளை ஏன் தொறக்க மாட்டேங்குது?"

மூளை தனக்கு வேண்டிய குளூட்டமேட்டைத் தானே செய்துகொள்ளும் என்று நான் சொன்னது சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. பத்திரிகையில் வந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெருமையில் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அன்பு அக்கா,
மயிலம்மாள்

---

எடின்பரோ,
2.3.1997

அன்பு அக்காவுக்கு,

படத்தைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு வட்டத்தில் நின்ற பிள்ளைகளை எண்ணினேன். அது ஐந்து இல்லை, அக்கா. நான்கு.

ஐந்து என்று முதலில் கட்டுரையில் எழுதியவர் எங்கள் பேராசிரியர். மூளையில் வேறு சில ஏற்பிகள் ஐந்தால் ஆனவை, ஆகவே இதுவும் அப்படித்தான் என்று நாங்களும் நம்பினோம். இப்போது தவளை முட்டைக்குள் இந்தத் துணை அலகுகளைச் செய்ய வைத்துப் பார்க்கிறேன். இயல்பானவற்றோடு, நானே கொஞ்சம் மாற்றியவற்றையும் கலந்து விடுகிறேன். ஓர் ஏற்பியில் மாற்றியவை எத்தனை சேர்கின்றனவோ, அதற்கேற்ப அதன் நடத்தை மாறும். ஐந்து பேர் கூடுவதானால் ஆறு விதம் வர வேண்டும்: மாற்றியது ஒன்றுமே இல்லாதது, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது, இப்படி ஐந்தும் உள்ளது வரை. எனக்கு ஐந்து விதமே வருகிறது. அப்படியானால் கூடுபவர்கள் நால்வர்தான்.

பேராசிரியர் மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். அதேதான். மே மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் பேச வேண்டும். என் வேலை ஜூனில் முடிகிறது. அதை நீட்டிப்பது அவர் கையில் இருக்கிறது. நான்கு என்று சொன்னால் அவரை மறுக்கிறேன். தோட்டத்து ஜனத்தின் முன் உங்களையும் தலைகுனிய வைக்கிறேன். இப்போதைக்கு ஐந்து என்றே விட்டுவிடலாமா?

தங்கள்
பஞ்சாலை

---

லாபு தோட்டம்,
2.4.1997

என் தங்கமே,

விட்டுவிடலாமா என்று யாரிடம் கேட்கிறாய்? முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். தப்பாகப் போட்ட கணக்கை எத்தனை தடவை பிள்ளைகள் முன்னாலேயே அழித்திருக்கிறேன்! என்னைச் சாக்காக வைக்காதே.

பங்குனி உத்திரத்தன்று கோயிலில் ஒலிபெருக்கியைக் கொடுங்கள் என்று கேட்டேன். கோயில் தலைவர் நல்லசாமி தலையைச் சொறிந்தார். "விடுங்க டீச்சர். ஒன்னு கூடவோ கொறயவோ இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா" என்றேன்.

பொங்கலன்று சொன்னது தவறு, நான்குதான் என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையை வட்டத்திலிருந்து விலக்கி மறுபடி ஆட விட்டேன். விலக்கியது மங்கம்மாவின் மகளை. அவள் அழ ஆரம்பித்ததும் குளூட்டமேட் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். இப்போது மற்ற நால்வரும் அவளாக வேண்டுமென்று சண்டை போடுகிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். இங்கே காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடியதும், மேற்பார்க்கும் மண்டோர்தான் பேர் கூப்பிட்டு, யார் யாரோடு எந்த மர நிரைக்குப் போவதென்று பிரித்து அனுப்புவார். செல்லுக்குள் மண்டோர் யார்?

நான் திருத்தியாயிற்று. இனி நீ.

அக்கா

---

எடின்பரோ,
20.6.1997

அன்பு அக்காவுக்கு,

மண்டோர் யாரும் இல்லை, அக்கா. ஒவ்வொரு துணை அலகின் தலைப்பக்கத்திலும் தன் இனத்தை அடையாளம் காணும் ஒரு பகுதி இருப்பதாக நினைக்கிறோம். வேற்று இனம் வந்தால் ஒட்டாது. உள்ளேயே நால்வரும் கூடிய பிறகுதான் மேல்தோலுக்குப் பயணம். சரியாகக் கூடாததைச் செல் வெளியே விடாது.

கூட்டத்தில் நான்கு என்று சொன்னேன். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், பதிலைக் குறித்துக்கொண்டார், நன்றி சொன்னார். போன வாரம் கூப்பிட்டு, வேலையை நீட்டிக்க வழியில்லை என்றார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேறொரு ஆய்வகத்தில் என் சோதனையைச் செய்து பார்க்கப் போகிறார்களாம். அதனால் எனக்கு வேலை வந்துவிடாது.

தீபாவளிக்கு வர மாட்டேன். மாலை போட்ட ஜனத்தின் முன்னால் வேலை போனவளாக எப்படி வந்து நிற்பது? யாரிடமும் சொல்லாதீர்கள். ஆராய்ச்சி அதிகம், அதனால் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

பஞ்சாலை

---

லாபு தோட்டம்,
8.8.1997

அன்புத் தங்கை பஞ்சாலைக்கு,

சொல்லாதீர்கள் என்றாய். சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

ஆடித் திருவிழாவில் நல்லசாமி என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி எப்படி டீச்சர்?" என்றார், ஒலிபெருக்கியிலேயே. அந்தப் பக்கம் அம்மன், இந்தப் பக்கம் ஜனம். பொய் வாயில் வரவில்லை.

"என் தங்கைக்கு வேலை போய்விட்டது" என்றேன். "பெரியவர் ஐந்து என்றார். இவள் சோதித்துப் பார்த்து நான்கு என்றாள். ஐந்து என்று தலையாட்டியிருந்தால் வேலை இருந்திருக்கும். ஆட்டவில்லை."

சொன்னபின் ஜனத்தைப் பார்த்தேன். எனக்கே பயமாகிவிட்டது. அப்புறம் லோரி ஓட்டுகிற சன்னாசி கடைசி வரிசையிலிருந்து கத்தினார்: "வேலதானே போச்சு டீச்சர்! பேசுன பேச்சுல புள்ள உறுதியா நின்னுச்சில்ல?"

பிறகு எழுந்த கைதட்டலை எப்படி எழுதுவது? உனக்குப் பட்டம் கிடைத்தபோதுகூட இவ்வளவு கேட்டதில்லை. நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். அழுதேன்.

இனி நீ ஒளிய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. என்ன வேலை, எங்கே வேலை என்பதை இங்கே உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம். சுபாங் விமான நிலையத்துக்கு வேன் எடுத்து வருவதாகச் சன்னாசி சொன்னார். ஒரு வேன் பத்தாது என்று மங்கம்மா அவரோடு சண்டை போடுகிறாள்.

தேதியை மட்டும் எழுது.

உன் அக்கா,
மயிலம்மாள்