ஸ்பெயினில் நான் பார்த்த குசினிகள்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

கல்யாணம் கட்டிய நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதாவது பெயரைச் சொல்லி எழுதலாம் என்று பார்த்தால் கை வரவில்லை. இந்தப் பழக்கம் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். மற்றவற்றை விடப்போகிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி. நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த உங்கள் நினைவு மலரில் நான் அழுதிருக்கிறேன். 'மனைவி புலம்பல்' என்று தலைப்புப் போட்டு, உங்கள் உயிர்ச் சிநேகிதர் பரா அண்ணை எனக்காக அழுது தந்திருக்கிறார். நம்முடைய ஆட்களிடம் அது வழக்கம்தான், பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர் விதவையின் வாயில் வார்த்தையை வைப்பார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அதில் இப்படி வருகிறது:

பார்சிலோனா வீதியிலே பக்கம் பக்கம் நடந்தோமே
பாதியிலே எனைவிட்டுப் பறந்தெங்கே போனீரோ

பக்கம் பக்கமாக நடந்தோமாம். நீங்களும் பரா அண்ணையும் நடந்தீர்கள், அது உண்மை. இந்த இரண்டு வரியை வாசித்துவிட்டு வருகிற சனமெல்லாம் என் கையைப் பிடித்து, கடைசிக் காலத்தில் உன்னை ஸ்பெயின் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாரே, நீ கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். இவ்வளவு நாளும் தலையை ஆட்டிவிட்டேன். முதலாம் ஆண்டு மலருக்கு என் புலம்பலை நானே எழுதுகிறேன். பரா அண்ணை எழுத்துப்பிழை திருத்தலாம், மற்றபடி கை வைக்கக் கூடாது.

நீங்கள் ஓய்வு பெற்றதும் ஸ்பெயின் என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படித்தவள் நான். மெல்பேர்னுக்கு வந்த பிறகும் கம்யூனிற்றி சென்ரரில் ஓவிய வகுப்புக்குப் போகிறவள். பிறகு பரா அண்ணையும் அவர் மனைவி சுகந்தியும் சேர்ந்துகொண்டார்கள். வெளிச்சாப்பாடு ஒத்துவராது என்று, ஹொட்டேல்களை விட்டுவிட்டு, போகிற ஊரெல்லாம் நான் சமைக்கக் குசினியோடு கூடிய வீடாகப் பார்த்து எடுத்தீர்கள். என் சூட்கேசில் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் போக மிச்ச இடத்தில்தான் என் உடுப்பு.

பார்சிலோனாக் குசினியின் அடுப்பு, காந்தத்தில் சூடாகிற வகை. நம்முடைய அலுமினியப் பிட்டுப்பானையை அது கணக்கெடுக்கவில்லை. எனக்குள் ஒரே சந்தோஷம். அன்றைக்கு நீங்கள் அந்த நகரத்தைக் கடை கடையாக அலைந்து எந்தப் பானையும் ஏற்கிற ஒரு சாதாரண மின்சார அடுப்பு வாங்கி வந்தீர்கள். என்னோடு கடற்கரை வரை நடக்கக் கால் நோகிறது என்ற மனிதர்! அதன்பிறகு அந்த அடுப்பும் எங்களோடு ரயிலேறி ஊர் ஊராக வந்தது. நீங்கள் தேவாலயத்துக்கு முன்னால் நின்று எடுத்த படம் மலரில் வந்திருக்கிறது, பார்த்தீர்களா? பக்கத்தில் நான் ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

செவில்லில் ஒரே ஒரு தரம் வெளியில் சாப்பிட்டோம். குளிரக் குளிரத் தக்காளி சூப் வந்தது. அப்படித்தான் அது குடிப்பது என்று நான் சொல்லச் சொல்ல, அதைச் சூடாக்கித் தரச்சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். பரிமாறிய பெடியன் சிரித்துக்கொண்டே சூடாக்கிக் கொண்டுவந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, கறிவேப்பிலை போடாத ரசம் என்று தீர்ப்புச் சொன்னீர்கள். ஸ்பெயின் நாட்டுச் சமையல் அத்தோடு எங்களுக்கு முடிந்தது.

கிரனடாவில் மலைமேல் இருக்கிற அந்தச் சிவப்பு அரண்மனைக்குக் காலையில் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குள் போகவேண்டும். பரா அண்ணைக்கு வயிறு சரியில்லை, கஞ்சி வேண்டும் என்றீர்கள். கஞ்சி குடித்துத் தெம்பாகி அவரும் உங்களோடு கிளம்பிப் போய்விட்டார். சுகந்தியும் நானும் மத்தியானச் சமையலோடு நின்றோம். குசினி யன்னலால் அந்த மதில் நன்றாகத் தெரிந்தது. திரும்பி வந்து போனில் படம் காட்டினீர்கள், சுவர் முழுக்க ஒரே பூவேலை, ஒன்றைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரித்தான் என்று ஆறுதல் வேறு.

எல்லாவற்றையும் பொறுத்தேன். மாட்ரிட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

அங்கே இருக்கிற அந்தப் பெரிய போர் ஓவியத்துக்காகத்தான் நான் வந்ததே, உங்களுக்குத் தெரியும். விமானத்திலிருந்து குண்டு போட்டு அழித்த ஒரு ஊர். கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டும். செத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி வாயைப் பிளந்து கத்துகிறாள். நம்மைப் போலக் குண்டுவீச்சில் அகப்பட்ட சனத்தை ஒருவர் எப்படிக் கீறியிருக்கிறார் என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். வாங்கோ என்று கேட்டேன்.

"அதை நாங்கள் நேரிலை பாத்தனாங்கள். படத்திலை என்ன பாக்கக் கிடக்கு?" என்றீர்கள்.

தனியாகப் போனேன். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டு கண்ணை நிமிர்த்தினேன். போன் அடித்தது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, காவலாளி முறைத்தார்.

"இஞ்சாரப்பா, மிளகாய்த்தூளை எங்கை வைச்சனீர்? பராவுக்குப் பசிக்குதாம்."

இருக்கிற இடத்தைச் சொன்னேன். காணவில்லை என்றீர்கள். வந்து எடுத்துத் தாரும் என்றீர்கள். நான் வந்தேன். மிளகாய்த்தூள் உங்கள் கண்ணுக்கு முன்னால், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் வாசலால் வந்தபோது நீங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இந்த ஒரு வருடமாக அதைத்தான் யோசிக்கிறேன். அந்தப் படத்துக்கு முன்னால் நான் நிற்பது உங்களுக்குப் பயமாக இருந்ததா? எதையாவது பார்த்துவிட்டு வந்து உங்களிடம் பேசத் தொடங்கிவிடுவேன் என்றா? அப்படியென்றால், பயமாக்கிடக்கு, வாரும் என்று சொல்லியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேனே. ஒரு மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னாலா ஒளிவது?

ஊரில் குண்டு விழுந்த நேரம் பங்கர்க் குழிக்குள் என்மேல் கவிழ்ந்து படுத்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தளவு கோபம் வராது. அந்த மனிதரோடுதான் ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

ஆகையால் நான் திரும்பப் போகிறேன். தனியாக, மாட்ரிட்டுக்கு மட்டும். உங்கள் ஆண்டு நினைவு நாளுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று இங்கிலீஷ் திகதியைப் பார்த்து டிக்கெட் போட்டேன். பிறகுதான் கோயில் ஐயர் திதியைப் பார்த்துச் சொன்னார், திவசம் முன்னுக்கு வருகிறது, நான் அங்கே நிற்கிற நாளில். உயிரோடு இருக்கும்போது மாதிரித்தான், நான் எங்கே கிளம்பினாலும் உங்களுக்கு அதே நேரத்தில் சாப்பாடு வேண்டும்.

இங்கே கிரான்பர்னில் இருக்கிற உங்கள் தங்கை போன் எடுத்தா. "அண்ணா போய் வருசம் திரும்பேல்லை, உமக்கு உல்லாசம் கேக்குதோ?" என்று கேட்டா. ஓம் மச்சாள், கேக்குது என்றேன். அத்தோடு அவ என்னோடு கதைப்பதில்லை. வீட்டில் கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது.

அவவைக் கூட விடலாம். ட்ருகனினாவிலிருந்து உங்கள் மகன் ரமணன் வந்து இருந்தான். நான் தனியாக எப்படிப் போவேன் என்று கேட்பான் என்று பார்த்தேன். அப்பா இல்லாமல் எப்படி அம்மா இருக்கிறாய் என்றாவது கேட்பான் என்று பார்த்தேன்.

"அம்மா, டிக்கெட்டைச் சேஞ்ச் பண்ண ஏலாதோ? அண்டைக்கு ஆர் சமைக்கிறது?"

உங்கள் பிள்ளைதான், சந்தேகமேயில்லை.

"நீ சமை," என்றேன். அவன் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்காததைக் கண்டு பிறகு நிறுத்திவிட்டான். கழிந்த இரண்டு சனிக்கிழமையும் வந்து பருப்பு வைத்துப் பார்த்தான். முதல் நாள் அடிப்பிடித்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை, அது எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

இந்த மலர் சனத்தின் கைக்குப் போகும்போது நான் மாட்ரிட்டில் நிற்பேன். குசினி இல்லாத அறையாகக் கேட்டு எடுத்திருக்கிறேன். அன்றைக்கு உங்களுக்காக அழவும் செய்வேன், அதில் ஒருவரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் என் கண்ணால், அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, வேண்டிய மட்டும் அழுவேன்.

திவசத்துக்கு ரமணன் படைப்பான். உப்புக் கூடினால் அவனிடம் சொல்லுங்கோ. என்னைக் கூப்பிட வேண்டாம். இந்த முறை நான் வரமாட்டேன், சத்தியம்.

இதைத் தானே எழுதிய,
உங்கள் மனைவி
சரோ