கருவி நீக்கிய ஒலி

அன்புள்ள தம்பிக்கு,

எதையும் ஒரு வரி மெசேஜில் முடிக்கிறவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கப்பலில் நீ தலைமை இன்ஜினியர் ஆனதில் ரொம்ப சந்தோஷம். எதிர் வீட்டாரிடம் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாயிற்று.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை முதலீட்டாளர்கள் கூட்டம் நடந்தது. அப்பாவின் இரைச்சல் நீக்கும் கருவிக்கு அடுத்த வருடத்தோடு காப்புரிமை முடிகிறது. அந்த வேலையை இப்போது ஒவ்வொரு போனும் சும்மாவே செய்கிறது, அப்புறம் நம்மிடம் என்ன இருக்கிறது என்று நிதி நிறுவனத்திலிருந்து வந்த பெண்மணி கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. பெயரையும் கட்டடத்தையும் விற்றுவிடலாம் என்று பத்து வருடமாகக் கரடியாய்க் கத்துகிறவள் நான்தானே.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கருவி எதை நீக்கியதோ அதையும் தனி நாடாவில் எடுத்து வைக்கிறோம், அதோடு குரல் ஏதும் தவறிப் போயிருக்கிறதா என்று முழுக்கக் கேட்ட பிறகே வாடிக்கையாளரின் பதிவை வெளியே அனுப்புகிறோம், எந்தப் போன் இதைச் செய்யும் என்றார். ஸ்டோரிலிருந்து ஏதாவது ஒரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தானே நாடாவை மாட்டினார். பெட்டியின் மேல் வெறும் எண்தான் இருந்தது.

முதலில் மெல்லிய இரைச்சல். பிறகு ஒரு மூச்சு. இழுத்தது, அடைத்தது, மறுபடி இழுத்தது. இரண்டாவது இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கர் பழுது போலிருக்கிறது, நிறுத்திவிடுங்கள் என்றார் அந்தப் பெண்மணி. அப்பா நிறுத்தவில்லை.

“பழுது இல்லைங்க. என் சம்சாரத்தோட மூச்சு.”

நீ கடலில் இருந்தபோது அம்மா பேசி அனுப்பிய பதிவுதான் தம்பி அது. உடம்பு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மூச்சு வாங்குவதைக் கேட்டாலே நீ புரிந்துகொண்டு கிளம்பிவிடுவாய் என்று நாங்கள் காத்திருந்தோம். எந்த ஒலியும் சுத்தமாகத்தான் வெளியே போகவேண்டும் என்ற பழக்கத்தில் அப்பா அதையும் கருவியில் ஓட்டியிருக்கிறார். வீட்டு வேலைதானே என்று, நீக்கியதைக் கேட்டுப் பார்க்காமல் அடுக்கிவிட்டார். உனக்கு வந்தது கணீரென்ற குரல் மட்டும். அதை நம்பி இன்னும் நாலு மாதம் கப்பலிலேயே இருக்கக் கையெழுத்துப் போட்டாய். ஐந்தாவது வாரம் அம்மா போய்விட்டாள்.

கேட்டும் வரவில்லையே என்று நாலு வருடமாக உன்மேல் எனக்கு ஆறாத கோபம். ஏன் சொல்லவில்லை என்று உனக்கு எங்கள்மேல். என்னை மன்னித்துவிடு.

அன்றே வாக்கெடுப்பு நடந்தது. விற்கவே கூடாது என்று நின்ற அப்பா, விற்கலாம் என்று கையைத் தூக்கினார். நான் தூக்கவில்லை, ஏன் என்று கேட்காதே. இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. உன் பங்குதான் இனி முடிவு செய்யும். படிவம் மெயிலில் வந்திருக்கும். விற்றால் மாதக் கடைசிக்குள் ஸ்டோரைக் காலி செய்து நாடாக்களை அழித்துவிடுவார்களாம்.

அப்பா தினமும் காலையிலேயே போய் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டுக் கேட்கிறார். இன்னும் யார் யார் மூச்சை எடுத்துப் போட்டேனோ என்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் சும்மா இரு என்று கை காட்டுகிறார். நேற்று நானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் விம்முவது கேட்டது. யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடினால்கூட அம்மா பக்கத்து அறையில் மூச்சு வாங்குவது போலிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

படிவத்தில் உன் இஷ்டப்படி எழுது, வருத்தப்பட மாட்டேன். அம்மாவின் பெட்டியை மட்டும் என் பீரோவில் வைத்திருக்கிறேன். அவள் உன்னிடம் பேசியது அது, நீ வரும்வரை யாருக்கும் தரமாட்டேன். உன்னிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்கிறார்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். அவரைத் திட்டுவதாக இருந்தாலும், வந்து திட்டு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா